எஞ்சின் மாட்டாத வண்டி

சாப்பாட்டு மேசை முழுக்க அந்த ரயில் நிலையம் விரிந்திருந்தது. அட்டையில் செய்த நடைமேடை, நூல்போல மின்கம்பி, எஞ்சின் இல்லாமல் நிற்கும் பெட்டிகள். டீசல் எஞ்சினைக் கழற்றி மின்சார எஞ்சினை மாட்டும் வரை, அசல் நிலையம் இருக்கும் ஊரில் எல்லா வண்டியும் இப்படித்தான் நிற்கும். டீக்கடை ஓரமாக, விரல்கணு உயரத்தில், நீலச் சட்டை போட்ட ஒரு பொம்மை நின்றது. அதுதான் ஜெயசீலன், ரூபி தம்பதியின் மகன் எபி. வழியனுப்பிய அன்று, எஞ்சின் மாட்டும் வரை மூவரும் அங்கேதான் டீ குடித்தார்கள். போனவனைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஜெயசீலன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். அன்று எபியின் வண்டிக்கு மாட்டிய அதே பழைய மின்சார எஞ்சினின் மாதிரியை ஒரு கம்பெனி இப்போதுதான் முதன்முதலாகச் செய்திருக்கிறது. இன்று வருகிறது.

"மேல இருக்கிற கொம்பு கம்பியைத் தொட்டுக்கிட்டே போகுமாம், ரூபி. அப்படியே அசல் மாதிரி."

ரூபி தினமும்போல மெல்லிய பிரஷ்ஷால் மகன்மேல் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின் மாட்டிட்டா வண்டி கிளம்பிடும்ல?"

"அதுக்குத்தானே..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

கீழே பைக் நின்றது. யாரோ படியேறி வந்து மணி அடித்தார்கள்.

"கூரியர் சார். ஜெயசீலன் சார் வீடுதானே?"

தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவர் திரும்பிப் பார்த்தார். ரூபி டீக்கடைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடியிருந்தாள்.

"இல்லப்பா. அது அடுத்த தெரு."

படியிறங்கும் சத்தம் பாதியில் நின்றது. ஜெயசீலனின் சட்டைப் பையில் போன் அடித்தது.