ஒரு நாள் கேமரா

பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லி, கடைக்காரர் அவனிடம் அந்தக் கேமராவை ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்திருந்தார். அது விற்கும் விலைக்கு, அதை வாங்கினால் கார் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

ரேஞ்ச்ஃபைண்டர் டிஜிட்டல் கேமரா. லென்ஸ் ஓரிடம், கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் வேறிடம். முதுகில் திரையும் கிடையாது. கம்ப்யூட்டரில் போட்டால்தான் படத்தைப் பார்க்க முடியும்.

"உன் முகம் இதுல நல்லா விழுந்துச்சுன்னா வாங்கிடறேன்" என்றான் மனைவியிடம்.

கேமராவைக் கண்டாலே உர்ரென்று ஆகிவிடுவாள் அவள். கல்யாண ஆல்பத்தில்கூட அவனைத் திட்டப்போகிறவள் மாதிரிதான் நிற்பாள். இன்று அவன் கேமராவைத் தூக்கியதும் நிமிர்ந்து பார்த்தவள், குபீரென்று சிரித்துவிட்டாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். மாடிப்படியில் மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். "இன்னொண்ணு எடுங்க!" என்று அவளே கேட்டாள்.

"கேமரான்னா இதுதான்டி கேமரா! உன்னையே சிரிக்க வெச்சிடுச்சே! வாங்கறோம்!"

சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டான். முதல் படம் கன்னங்கரேலென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. கடைசிவரை ஒரே இருட்டு.

"ஓட்டைக் கேமராவைத் தலையில கட்டப் பாக்கறானே கடைக்காரன்!" என்று குதித்தான்.

"அவரை ஏன் திட்டறீங்க?" என்று அவள் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். லென்ஸின் மூடி காலையில் இருந்தபடியே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி! உனக்குத் தெரியுமா?"

"முதல் படத்துலேயே தெரியும்."

"சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேனா? கேமராவைக் கண்டிப்பா வாங்குங்க. மூடியை மட்டும் கழட்டிடாதீங்க!"