அளவு சரியில்லை

பதினொரு நாளில் மூன்றாவது முறையாக அந்த உள்ளாடையைத் திருப்பி அனுப்பினாள் மேகலை. கடையின் செயலியில் காரணம் கேட்கும் இடத்தில் இந்த முறையும் ‘அளவு சரியில்லை’ என்பதையே தொட்டாள். அங்கிருந்த நான்கு காரணங்களில் கூச்சமில்லாமல் தொடக்கூடியது அது ஒன்றுதான். கடையும் சளைக்காமல் அளவை மாற்றி மாற்றி அனுப்பியது. விருப்பப் பட்டியலில், ‘உட்புறம் சின்னப் பை வைத்துத் தைத்தது வேண்டும்’ என்று எழுதிவைத்திருந்தாள். அதற்குக் கைப்பை விளம்பரங்கள் வந்தன. ஆறு மாத விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போயாக வேண்டும்.

மதியம் கடையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

“மேடம், நீங்க சொல்றபடிதானே சைஸ் மாத்தி அனுப்புறோம். இன்னும் பெருசு வேணுமா?”

“வேணாங்க.”

“அப்ப சின்னதா?”

“அதுவும் இல்லங்க.”

“என்னன்னு சொன்னாத்தானே மேடம் நாங்க எதாவது பண்ண முடியும். டைட்டா இருக்கா, லூசா இருக்கா?”

கூடத்தில் இருந்த அப்பா, காதில் விழாதவர்போல டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அதற்கு மேல் குரலை உயர்த்தித்தான் மேகலை பேச வேண்டியிருந்தது.

“வலது பக்கம் சரியா இருக்கு. இடது பக்கம் பஞ்சு வச்சுக்க உள்ள ஒரு பை வேணும். இடது மார்பு எனக்கு இல்லங்க. ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க.”