லீவு இல்லாத ஏசி

ஒரு பெரிய ஆபீஸ். மொட்டைமாடியில் தோட்டம் போடப் போகிறோம் என்று எல்லாரும் கூடி, பெயிண்ட் வாளியில் ஒரு கத்தரிச்செடியை நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு வந்தது. தண்ணீர் ஊற்ற அவர் இருப்பார் என்று இவரும், இவர் இருப்பார் என்று அவரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் செடி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

பக்கத்தில் கம்ப்யூட்டர் அறை ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "ஊருக்கே லீவு, எனக்கு மட்டும் ஓட்டம்தான்" என்று முனகியது.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன் அண்ணே" என்றது செடி. "உங்க குழாய்த் தண்ணி எங்கே போகுது?"

"சாக்கடைக்குத்தான். வேண்டாத தண்ணி தாயி அது."

"எனக்கு வேணும் அண்ணே."

ஏசிக்குக் கையா இருக்கிறது? சுவரில் இருந்த காக்காயைக் கூப்பிட்டது.

"ஏலே, கூடு கட்ட ஊர்க் கம்பியெல்லாம் இழுக்கிறியே, இந்தக் குழாயைக் கொஞ்சம் இழுத்து வாளியில விடேன்."

"எனக்கென்ன லாபம்? செடி வளந்தா புழு வருமா?"

"வராம இருக்குமா? நான் கத்தரியாச்சே!" என்றது செடி.

அடுத்த நிமிஷம் குழாய் வாளிக்குள் கிடந்து சொட்டியது.

லீவு முடிந்து வந்த எலெக்ட்ரீசியன் தேவசகாயம், "எவன்டா குழாயைப் பிடுங்கினது?" என்று கத்திக்கொண்டே குனிந்தார். செடி நிமிர்ந்து நின்றது. ஊதா மொட்டு ஒன்று வாய் திறந்திருந்தது. குழாயைத் தொட்ட கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் அடுத்த ஏசியின் குழாய்க்கடியில் அவரே ஒரு வாளி மண்ணைச் சுமந்து வந்து வைத்தார்.