கடைசிப் பெட்டியில் இரண்டு மாடுகள்

புகைவண்டியை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கிற நாள். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. நடுவழியில் நின்றுவிட்டால் இழுப்பதற்கு இருக்கட்டும் என்று, செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளைக் கடைசிப் பெட்டியில் ஏற்றியிருந்தார்கள்.

செவலைக்குக் காலையிலிருந்தே வயிற்றெரிச்சல்.

"இந்த இரும்புப் பய நல்லா ஓடிட்டா நம்ம பொழப்பு என்னடா ஆகும்?" என்று மயிலையிடம் புலம்பியது. "மேட்டுல மூச்சு முட்டி நிப்பான் பாரு. நம்மளப் பூட்டுவாங்க. ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. படுத்துரணும்."

"படுத்துரலாம்," என்றது மயிலை, வைக்கோலை மென்றபடியே.

வண்டி கிளம்பியது. காற்று செவலையின் காதுகளை விசிறிவிட்டது. ஒரு ஈகூட உடம்பில் உட்கார முடியவில்லை. கால் வலிக்காமலே ஊர்கள் பின்னால் போயின. ஆறு மைல் வரைக்கும் அது புலம்பவே இல்லை.

பிறகு, அது சொன்ன மாதிரியே, மேட்டில் வண்டி நின்றது. பாதையோரம் வேடிக்கை பார்த்த ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மாடுகளை இறக்கி இஞ்சினுக்கு முன்னால் பூட்டினார்கள்.

"அண்ணே, கொஞ்சம் தோள் கொடுங்க," என்று இஞ்சின் கூச்சத்தோடு கேட்டது. "மேடு ஏறிட்டா அப்புறம் நானே போயிருவேன்."

மயிலை பேச்சு மாறாமல் முன்னங்காலை மடக்கியது.

செவலை திரும்பிப் பார்த்தது. வந்த வழி வெயிலில் ஆறு மைலுக்கு நீண்டு கிடந்தது.

"எந்திரிடா!"

"நீதானே படுக்கச் சொன்னே?"

"சொன்னேன். இவன் இங்கயே நின்னுட்டா வீட்டுக்கு நடந்தா போறது? இழுடா! திரும்புறப்போ காத்து வர்ற பக்கம் எனக்கு."