போய்ச் சேர்ந்த கார்டு

புயல் கொண்டுபோன கடைத்தெருவைப் புதிதாகக் கட்ட, இடம் அளக்கும் வேலை சர்வேயர் தவசிக்கு வந்தது. அது அவருடைய சொந்த ஊர். பகலெல்லாம் மணலில் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போவார். காலையில் வந்து பார்த்தால், பழைய வாசல்கள் இருந்த இடங்களில் மட்டும் தண்ணீர் தெளித்த ஈரம் இருக்கும்.

“யாரு பாய் தண்ணி தெளிக்கிறது?” என்று காவலுக்கு இருந்த சீனி முகம்மதுவிடம் கேட்டார்.

“குடிக்கிற தண்ணியே அக்காள்மடத்துல இருந்து சுமந்துட்டு வாரேன் சார். தெளிக்க இங்கன யாரு இருக்கா?”

தவசி பழைய வரைபடத்தை விரித்து ஒத்துப் பார்த்தார். ஒரு வாசலும் விட்டுப்போகவில்லை. தெருக்கோடியில் இருந்த அவர் வீட்டு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது.

காரணம் அவருக்குத் தெரியும். அவர் வெளியூர் போனால், போய்ச் சேர்ந்ததாகத் தபால் கார்டு வரும்வரை அவர் மனைவி முத்தழகு வாசல் கூட்டித் தெளிக்க மாட்டாள். புயலுக்கு முந்தின நாள் சாயல்குடிக்குப் போனவர், கார்டை நாளைக்குப் போடலாம் என்று இருந்துவிட்டார். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அவளும் இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு கார்டு வாங்கி, ‘சுகமாக வந்து சேர்ந்தேன்’ என்று எழுதினார். பழைய கதவு எண்ணையே விலாசமாகப் போட்டு, அந்தக் காய்ந்த மணலில் வைத்து, மேலே ஒரு கல்லும் வைத்தார்.

மறுநாள் காலை கல் இருந்தது. கார்டு இல்லை. சுற்றிலும் மணல் நனைந்திருந்தது.

“இந்த முளைய எங்கன அடிக்கணும் சார்?” என்றார் சீனி முகம்மது.

தவசி செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தை மிதிக்காமல் வெளியே நின்றார்.