இழவு வீட்டுச் சோறு

இளவட்டங்கள் செத்துத் தீர்ந்த பிறகுதான் அரசாங்கத்துக்குக் கிழவர்களின் ஞாபகம் வந்தது. முதல் போரில் நின்ற அதே ஆற்றங்கரையில், பல் போன வயதில், சவரிமுத்துவைத் துப்பாக்கியோடு மறுபடி நிறுத்தினார்கள். அன்றைக்கு இரு கரையும் ஒரே நாடு. இன்றைக்கு எதிர்க்கரைக்காரன் எதிரி. நல்ல நியாயம்!

விடிகாலை மூடுபனிக்குள் எதிர்க்கரையில் ஏதோ அசைந்தது. அடையாளச் சொல் கேட்க வேண்டும். நேற்று சொல்லிக்கொடுத்தது மறந்துவிட்டது. பழைய போரில் அவருடைய கூட்டாளிகள் வைத்திருந்த சொல்தான் வாயில் வந்தது.

“எந்த வீட்டுச் சோறு?”

“இழவு வீட்டுச் சோறு!” என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. அதுவும் பல் போன குரல்தான்.

பக்கத்தில் நின்ற சின்ன அதிகாரி திரும்பினான். “யாருய்யா பெருசு அது? நம்மாளா, அவனுங்க ஆளா?”

சவரிமுத்து வாய் திறப்பதற்குள் அந்தக் குரல் சிரித்தது. “அடேய் சவரி, நீயாடா? இன்னும் சாகலியா? சுட்டுத் தொலைக்காத, நான் சந்தியாகுடா. இரு, வாறேன்.”

அதிகாரி துப்பாக்கியைத் தோளில் பதித்துக் குரல் வந்த பக்கம் குறிபார்த்தான். ஆற்றில் ஆள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு கால் நடந்தது, மறுகால் தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்தது. முதல் போரில் அடிபட்டுக் கிடந்த சவரிமுத்துவை முதுகில் சுமந்து இதே ஆற்றைக் கடந்தபோது குண்டு பாய்ந்த கால் அது.

கத்தித் தடுத்தால் துரோகி என்று இவரைத்தான் முதலில் சுடுவார்கள். இரண்டு போரிலும் எத்தனையோ அடையாளச் சொல் கற்றுக்கொடுத்தார்கள். ‘வராதடா’ என்பதற்கு மட்டும் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. சத்தம் நடு ஆற்றைத் தாண்டிவிட்டது.