எந்த மேட்சுக்கு வரணும்?

மகன் ரெனிஷின் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் இந்த சீசனில் பெரிய டீம்களோடு மோதும் மூன்று மேட்சுக்கும், அவனைக் கேட்காமலே டெக்சாஸுக்கு ஃப்ளைட் புக் பண்ணிவிட்டார் ரூஃபஸ். பண்ணிவிட்டுத்தான் போனில் சொன்னார்.

"கடைசி வருஷம்டா. நியூஜெர்சியில உக்காந்து டிவியில பாத்தா, ஹெல்மெட் போட்டவன் எல்லாம் நீயாத்தான் தெரியுறே. நேர்ல பாத்தே தீருவேன்."

"கேன்சல் பண்ணுங்க டாட். முதல் மேட்சுக்கு வாங்க. அதான் முக்கியம்."

"அதுவா? அது சப்பை டீமாச்சே! நம்ம சர்ச் கொயரே ஜெயிச்சுடும். ஏன், அப்பா கத்தி மானத்தை வாங்கிடுவேன்னு பயமா?"

"இல்ல டாட்."

"அப்புறம் என்னடா? நேராச் சொல்லு."

"மூணு வருஷமா நான் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். ஈஸியா ஜெயிக்கிற மேட்சுலதான் கோச் என்னை இறக்குவார். அன்னிக்கு நான் ஆடுவேன், டாட்."